வீட்டுச் சோதனை: ஆண் வீரர்களா, பெண்கள் குழுவா?

ஆப்கானிஸ்தான் போரின்போது ஹெல்மண்ட் மாகாணக் கிராமங்களில் வீடுகளைச் சோதனை போட அமெரிக்காவின் மரைன் படையினருக்கு இரண்டு வழி இருந்தது. ஆண் வீரர்களே நுழைந்தால் வேலை சட்டென்று முடியும், ஆனால் அங்குள்ள பஷ்தூன் இன மக்களின் வீட்டில் பெண்கள் இருக்கும் பகுதிக்குள் அந்நிய ஆண் கால் வைப்பது குடும்ப மானத்தையே தொடுகிற விஷயம், அதிலும் இரவில் என்றால் கேட்கவே வேண்டாம்; அன்றைய ஆப்கன் அதிபர் கர்சாய் பலமுறை கண்டித்தது இந்த இரவுச் சோதனைகளைத்தான்.

2009இல் தொடங்கிய, மரைன் படைப் பெண்களே கொண்ட குழு வேறு மாதிரி. தலையில் முக்காடு, உள்ளே போய் உட்கார்ந்து தேநீர், அப்புறம் பிள்ளைகளின் உடல்நலம் பற்றிப் பேச்சு. குறை? ஆள் கொஞ்சம், பஷ்தூன்களின் மொழியான பஷ்தோ தெரிந்த பெண் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதும் பாடு.

ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். படை அங்கே போயிருக்கவே வேண்டுமா என்பது வேறு சண்டை.