மாடல் டாங்கியின் இழுவை வடம்: நூலா, ஸ்டீலா, செம்பா?

1/35 அளவில், அதாவது அசலில் 35-ல் ஒரு பங்காக, இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் டாங்கியான டைகரின் பிளாஸ்டிக் மாடல் ஒன்றைச் சமீபத்தில் முடித்தேன். டைகரின் மேல்தளத்தில் இரு ஓரங்களிலும் நீளமாகக் கிடக்கும் இழுவை வடங்கள் உடனே கண்ணில் படும். அவை சரியில்லை என்றால் மற்ற வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பொம்மைக்களை வந்துவிடும். அதனால் பெயின்டுக்கு முன்பே மூன்று வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: கிட்டோடு (மாடல் பாகங்கள் அடங்கிய பெட்டி) வந்த நூல், காசிமேட்டுப் பக்கம் மீன்பிடிச் சாமான் கடைகளில் கிடைக்கும் மெல்லிய ஸ்டீல் வயர், வீட்டு வயரிங்குக்குப் போடும் செம்பு வயரைப் பிரித்து நாமே முறுக்கும் வடம். நான் போட்டது செம்பு. அடுத்த டாங்கிக்கும் அதைத்தான் போடுவேன்.

முதலில் அசல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். வட சென்னையில் இருப்பவர்களுக்கு இது சுலபம். காசிமேடு துறைமுகத்தில் இழுவலைப் படகுகளின் வின்ச்சில் (வலையை இழுக்கும் உருளை இயந்திரம்) சுற்றியிருக்கும் வயர் ரோப்பைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். டாங்கி வடமும் அதே ஜாதிதான். நடுவில் ஒரு கரு, அதைச் சுற்றி ஆறு புரி, ஒவ்வொரு புரிக்குள்ளும் பல மெல்லிய கம்பிகள். பள்ளங்களில் கிரீஸும் துருவும் சேர்ந்து கறுத்திருக்கும். கப்பியில் உரசும் மேடுகள் மட்டும் பளபளக்கும். இதைவிட முக்கியமானது, தளத்தில் தளர்வாகக் கிடக்கும்போது அது எப்படி வளைகிறது என்பது. துணிக்கயிறு போல அது மடங்கி விழாது. பெரிய வளைவாகத்தான் திரும்பும். எங்காவது ஒருமுறை ஒடிந்து வளைந்தால் அந்தக் கோணல் அங்கேயே நின்றுவிடும்.

மாடலில் நான் தேடியதும் அந்த வளைவைத்தான். புரி தெரிகிறதா, தடிமன் சரியா என்பதெல்லாம் மூன்று வழியிலும் ஓரளவு சமாளிக்கக்கூடியவை. வளைவு அப்படியில்லை.

நூலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டாமியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கிட்கள் பலவற்றில் நூல்தான் வரும், கூடுதல் செலவு கிடையாது. பிசிறு நிற்கும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து இழுத்துக் காயவைத்தால் பிசிறு அடங்கும், முறுக்கும் ஓரளவு தெரியும். ஆனால் நூலுக்கு எடையே இல்லை. வடத்தைத் தளத்தோடு பிடித்து நிறுத்தும் இரண்டு கிளாம்புகளுக்கு நடுவே அதை இழுத்துக் கட்டினால் கோடு போட்ட மாதிரி நேராக நிற்கிறது. கொஞ்சம் தளர்த்தினால் காற்றில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு டன் எடையையும் இழுக்கிற பொருள் என்று கண் நம்பாது. கடலோர ஈரத்தில் நைலான் நூல் கொஞ்சம் நெகிழும் என்பதால், ஐப்பசி கார்த்திகையில் அலமாரியில் இருக்கும் மாடலில் அது தொய்ந்தும் போகலாம்.

ஸ்டீல் வயர் பார்க்க மிக அழகு. வஞ்சிரம் மாதிரி பல் உள்ள மீனுக்குத் தூண்டில் முள்ளோடு சேர்த்துக் கட்டுவதற்காக விற்கிறார்கள். அதில் 7 இழை உண்டு, 49 இழையும் உண்டு. 49 இழை என்றால் ஏழு கம்பி சேர்ந்த ஏழு புரி, கிட்டத்தட்ட அசல் வயர் ரோப்பின் அமைப்பேதான். துருப்பிடிக்காத ஸ்டீல் என்பதால் உப்புக்காற்றுக்கும் பயமில்லை. சிலவற்றின் மேல் நைலான் உறை இருக்கும், அதை உரிக்க வேண்டும்.

சிக்கல் அதன் விறைப்பில் இருக்கிறது. கையில் வளைத்துவிட்டு விட்டால் உடனே நிமிர்ந்துவிடும். மாடலில் ஒட்டினால் அந்த விசை முழுவதும் பிளாஸ்டிக் கிளாம்புகள் மேல் ஏறும். 1/35-ல் ஒரு கிளாம்பு எவ்வளவு பெரிதாக இருந்துவிடப் போகிறது? ஒட்டிய அன்று நிற்கும், பிறகு ஏதாவது ஒரு வெயில் நாளில் படக்கென்று விடும். அடுப்புத் தீயில் சிவக்கக் காய்ச்சினால் விறைப்பு குறையும் என்பார்கள். கொஞ்சம் குறைவது உண்மைதான். ஆனால் செம்பு அளவுக்கு அது கைக்கு அடங்கி நான் பார்த்ததில்லை. நேராக இழுத்துக் கட்டிய வடம், அதாவது ஒரு டாங்கி இன்னொன்றை இழுப்பது போன்ற டயோராமா (மாடல்களை வைத்து அமைக்கும் காட்சி) என்றால் நானே ஸ்டீலைத்தான் எடுப்பேன். அங்கே விறைப்பு நமக்கு உதவும்.

இனி செம்பு. டைகரின் இழுவை வடம் 32 மி.மீ. தடிமன். 35-ஆல் வகுத்தால் 0.91 மி.மீ. ஒரே தடிமனுள்ள ஏழு கம்பிகளில் ஒன்றை நடுவில் வைத்து ஆறைச் சுற்றினால், மொத்தத் தடிமன் ஒரு கம்பியைப் போல மூன்று மடங்கு வரும். ஆக நமக்கு வேண்டியது 0.3 மி.மீ. கம்பி. எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும் 1 ச.மி.மீ. வீட்டு வயரில் வழக்கமாக 0.3 மி.மீ. கம்பி 14 இருக்கும். டைகருக்கு இரண்டு வடம், வடத்துக்கு ஏழு கம்பி. ஒரு துண்டு வயரை உரித்தால் ஒன்றுகூட மிஞ்சாமல் கணக்கு சரியாகிவிடுகிறது! வீட்டில் வயரிங் வேலை நடந்தபோது மிஞ்சிய துண்டே போதும். வடம் மெலிதாக வேண்டிய டாங்கிகளுக்கு 0.5 ச.மி.மீ. வயர் இருக்கிறது. அதில் 0.2 மி.மீ. கம்பி 16. ஏழு கம்பி முறுக்கினால் 0.6 மி.மீ., அசலில் 21 மி.மீ. வடத்துக்குச் சமம்.

முறுக்குவதில் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கெட்டி அட்டையில் நடுவில் ஒரு துளை, சுற்றி ஆறு துளை போட்டு ஏழு கம்பிகளையும் கோத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையை டிரில் மெஷினில் மாட்டி, மெதுவாகச் சுற்றியபடி அட்டையை நகர்த்திக்கொண்டே போனால் நடுக்கம்பி நடுவிலேயே இருக்கும். அட்டை இல்லாவிட்டால் அது வெளியே வந்து புரி குழம்பிவிடும். அப்புறம், பெரும்பாலான வயர் ரோப்கள் வலமுறுக்கு. நிமிர்த்திப் பிடித்தால் புரி கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கம் ஏறும். டிரில் மெஷினை வழக்கமான திசையில் ஓட்டினால் இடமுறுக்குதான் வரும், ரிவர்ஸில் போட வேண்டும். ஒரு புரி முழுச்சுற்று சுற்றி வர எடுக்கும் நீளம் அசலில் வடத்தின் தடிமனைப் போல ஆறேழு மடங்கு. நமக்கு அது 6 மி.மீ. சுமார். அதற்கு மேல் இறுக்கினால் ஸ்க்ரூ மரை போலத் தெரியும், கம்பியும் அறுந்துவிடலாம். முறுக்கும்போது நீளம் குறையும், முனைகளும் வீணாகும் என்பதால் ஒரு சாண் கூடுதலாகவே வெட்டிக்கொள்வது நல்லது.

முறுக்கி முடித்ததும் செம்பு கெட்டிப்பட்டிருக்கும். இந்த இடத்தில்தான் மற்ற இரண்டையும் அது தாண்டிப் போகிறது. கேஸ் அடுப்பில் மங்கலாகச் சிவக்கும் வரை காட்டி எடுத்தால் மறுபடி மெழுகாக இளகிவிடும். பிறகு எங்கே வைத்தாலும் அங்கே கிடக்கும். கிளாம்புக்கும் கிளாம்புக்கும் நடுவே லேசாக நெளிய வேண்டுமா, முனையில் சற்றுத் தூக்கி நிற்க வேண்டுமா, பென்சிலில் வைத்து வளைத்தால் போதும். கிளாம்பு மேல் எந்த விசையும் ஏறாது, வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். தவறி விரல் பட்டால் அந்த நெளிவும் அப்படியே நின்றுவிடும் என்பது இதன் குறை. ஆனால் அதை விரலாலேயே சரிசெய்துவிடலாம்.

தீயில் காட்டியதால் வரும் கறுப்பு உதிரும். புளி போட்டுத் தேய்த்துக் கழுவினால் வெறும் செம்பு வந்துவிடும். அதன் மேல் மெட்டல் பிரைமர், பிறகு கருஞ்சாம்பல், பள்ளங்களில் துருநிற வாஷ் (நீர்க்கக் கலந்த பெயின்ட்). கடைசியில் பென்சில் கரியை விரலில் தொட்டு மேடுகளில் மட்டும் தடவினால் வின்ச்சில் பார்த்த அந்தப் பளபளப்பு கிடைக்கும். பிரைமர் போடாமல் விட்டால் பெயின்ட் உரிந்து செம்பு எட்டிப் பார்க்கும். முனைக் கொக்கிகளுக்கு கிட்டில் வரும் பிளாஸ்டிக்கே போதும். 1 மி.மீ. துளை போட்டு வடத்தைச் செருகி ஃபெவிக்விக் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

ரெடிமேடாக வேண்டும் என்பவர்களுக்கு யுரேகா எக்ஸ்எக்ஸ்எல் என்ற போலந்து பிராண்டில் டாங்கிக்கு ஏற்ற செட்கள் இருக்கின்றன. முறுக்கிய உலோக வடமும் ரெசினில் வார்த்த கொக்கிகளும் சேர்ந்தே வரும். நண்பர் ஒருவருடையதைக் கையில் வாங்கிப் பார்த்ததோடு சரி, நானே மாடலில் ஒட்டியதில்லை. புரி நாம் முறுக்குவதைவிட நுணுக்கம், கொக்கிகள் மிகத் துல்லியம். போட்டிக்கு வைக்கும் மாடல் என்றால் அந்தச் செலவு நியாயம்.

1/72-ல் எனக்கு அனுபவம் குறைவு. அதே டைகர் வடம் அந்த அளவில் 0.44 மி.மீ.தான் வரும். 0.2 மி.மீ. கம்பியில் இரண்டை மட்டும் சேர்த்து முறுக்கினாலே 0.4 வந்துவிடுகிறது. கண்ணுக்கு அதுவே போதும் என்றுதான் படுகிறது.