‘லாக் அவுட்’ என்று வந்தால் அப்பாவைத் திட்டாதீர்கள், கணக்கு யாருடைய ஈமெயிலில் இருக்கிறது என்று பாருங்கள்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் போன் கடைகளில் ‘ஃபேமிலி டிராக்கிங் செட்டப்’ செய்து தருகிறோம் என்று சொன்னால், வயதான அப்பா அம்மாவின் போனைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களை ஏமாற்றிய கடையின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஈசூனிலிருந்து தனியாகக் கிளம்பி சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்குப் போவார், திரும்பி வரும்போது சில சமயம் வழி குழம்பிவிடும். அதற்காகத்தான் அண்ணன் ஒரு கடையில் கொடுத்து, குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் காட்டும் லைஃப்360 செயலியை அவர் போனில் போட்டுத் தரச் சொன்னார். செட்டப், ஒரு வருட பிரீமியம் (செயலியின் கட்டணச் சந்தா), ‘லைஃப்டைம் சப்போர்ட்’ எல்லாம் சேர்த்து 88 வெள்ளி. ரசீதில் ‘சர்வீஸ்’ என்று ஒரே ஒரு வார்த்தை.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் அப்பா பெயருக்குக் கீழே ‘லாக் அவுட்’ என்று வர ஆரம்பித்தது. கடைக்குப் போன் அடித்தால், “ஐயா தெரியாம எதையோ அழுத்திட்டாருக்கா, போனைக் கொண்டு வாங்க” என்பார்கள். கொண்டுபோனால் 15 வெள்ளி. லைஃப்டைம் சப்போர்ட் என்றீர்களே என்றால், அது வேறயாம், இது வேறயாம். இரண்டு நாள் தாங்கும், மறுபடியும் அதே கதை. இதற்குள் வீட்டில் சண்டை. “எங்களுக்குத் தெரியாம எங்கப்பா போறீங்க, ஏன் ஆஃப் பண்றீங்க” என்று அண்ணன் கேட்கப்போய், அப்பாவுக்கு ரோஷம் வந்து, போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளியே போக ஆரம்பித்துவிட்டார்.

அந்த வார்த்தை உண்மையில் எதைச் சொல்கிறது என்று கடைக்காரர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. லாக் அவுட் என்றால் அந்தப் போனில் கணக்கு திறந்தில்லை, அவ்வளவுதான். ஆள் சர்க்கிளிலிருந்து, அதாவது செயலியில் இருக்கும் குடும்பக் குழுவிலிருந்து, விலகவில்லை, பெயர் அப்படியே இருக்கும், ஆனால் போன் எதையும் அனுப்பாது. அவர் எங்கே என்று தெரியாது, ‘வீட்டுக்கு வந்துவிட்டார்’ என்ற அறிவிப்பும் வராது. பேட்டரி தீர்ந்தாலோ, நெட் இல்லாவிட்டாலோ, இருப்பிட அனுமதியை எடுத்துவிட்டாலோ வருவது வேறு செய்தி, அவற்றை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வேண்டுமென்றே அழுத்தினால்தான் லாக் அவுட் ஆகும் என்பதும் இல்லை. லைஃப்360-இல் ஒரு கணக்கு ஒரு நேரத்தில் ஒரு போனில்தான் இருக்க முடியும். வேறொரு போனில் அதே கணக்கைத் திறந்தால் முதல் போன் தானாகவே வெளியே தள்ளப்பட்டுவிடும். பாவம், அப்பா எதையுமே தொட்டிருக்க வேண்டியதில்லை.

சந்தேகம் வந்தது ஒரு மத்தியான நேரத்தில். செயலி அப்பாவைச் சிராங்கூன் ரோட்டில் காட்டுகிறது, வீட்டு போனில் அழைத்தால் அவரே எடுத்து, சாப்பிட்டுவிட்டு வசந்தம் டிவி பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். பெரிதாக்கிப் பார்த்தேன், அந்தக் கடை இருக்கிற கட்டடம். சாயங்காலம் மறுபடி ‘லாக் அவுட்’.

அடுத்த நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். மேசையில் ஒரு பழைய டெமோ போன், ஒரு அம்மாவுக்கு வரைபடத்தை விளக்கிக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தில் என் முகம், அண்ணன் முகம், அண்ணன் மகள் பள்ளியில் இருப்பதாக ஒரு குறி! யாரோ முன்பின் தெரியாதவர் எங்கள் பிள்ளை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன இது என்று கேட்டால், “சும்மா டெமோதான்க்கா, காலைல போட்டு சாயங்காலம் எடுத்துருவோம்” என்கிறார், ஏதோ கடை ஷட்டரைப் பற்றிப் பேசுவது மாதிரி.

நடந்தது இதுதான். அப்பாவின் கணக்கைக் கடையின் ஈமெயிலிலும் கடையின் நம்பரிலும் திறந்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு அவர்களிடம், மாற்றப்போனால் வரும் குறியீடும் அவர்களுக்கே. அவர்கள் டெமோவுக்குத் திறக்கும்போதெல்லாம் அப்பா போன் வெளியேறும், நாங்கள் 15 வெள்ளி கொடுத்து உள்ளே போவோம். பிரீமியம்? செயலிக்குள் மெம்பர்ஷிப்பைத் திறந்து பார்த்தால் இலவசக் கணக்கு. குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க அந்த இலவசக் கணக்கே போதும் என்பது தனி எரிச்சல்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ‘செட்டப் சார்ஜ் ரீஃபண்ட் கிடையாது’. சரி என்று வீட்டுக்கு வந்து முதல் வேலையாக எல்லோரும் அந்தப் பழைய சர்க்கிளை விட்டு வெளியேறினோம். வெறும் பாஸ்வேர்டு சண்டையில் நேரத்தை வீணாக்காதீர்கள், நீங்கள் அந்த சர்க்கிளில் இருக்கிற வரை நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும். அப்புறம் அப்பாவின் சொந்த நம்பரில் புதுக் கணக்கு, புது சர்க்கிள். ஆண்ட்ராய்டாக இருந்தால் இருப்பிட அனுமதியை ‘எப்போதும்’ என்று வையுங்கள், பேட்டரி சேமிப்பில் அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் பின்னணியில் நின்றுபோகும். அதற்குமேல் ஒன்றும் இல்லை, இதற்குப் போய் 88 வெள்ளி. உங்களுக்குச் செய்யத் தெரியாவிட்டாலும் கடைக்குப் போகத் தேவையில்லை: 2020-இல் தொடங்கிய எஸ்ஜி டிஜிட்டல் அலுவலகத்தின் ஆட்கள் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் முதியவர்களுக்குப் போன் பயன்படுத்த இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள்.

ஏற்கெனவே கடையில் கொடுத்துச் செய்தவர்கள் பெற்றோர் போனில் செயலியின் அமைப்புகளுக்குள் போய், கணக்கு விவரத்தில் எந்த ஈமெயில், எந்த நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத ஈமெயில் இருந்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு வெளியேறுங்கள். அவசரத்தில் நான் பிறகு எடுத்திருந்தால் கையில் ஒரு ஆதாரமும் இருந்திருக்காது.

பணத்துக்காகப் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் புகார் கொடுத்திருக்கிறேன். அது சரிவராவிட்டால் ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனல் இருக்கிறது, 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை இரண்டு வருடத்துக்குள் கொண்டுபோகலாம், வக்கீல் தேவையில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை இருக்கும் இடத்தை வாடிக்கையாளருக்கு வேடிக்கை காட்டியதற்கு, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆணையத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அண்ணன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார். அப்பா போனை எடுத்துக்கொண்டு போகிறார், ஆனால் அண்ணன் அழைத்தால் மட்டும் இன்னும் எடுப்பதில்லை. கேஸிலிருந்து பதில் வந்ததும் எழுதுகிறேன்.