பழைய டாடா 207-க்கு எந்த இன்ஜின்: சொந்த பிளாக்கா, எக்ஸ்சேஞ்சா, பழைய மார்க்கெட்டா?

ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை. ஏற்றத்தில் இழுவை இல்லை. ஆயிலும் நிற்காமல் குறைகிறது. டாடா 207 டிஐ பிக்கப் இந்த நிலைக்கு வந்துவிட்டால் வண்டிக்காரருக்கு மூன்று வழி இருக்கிறது. அதே இன்ஜினைப் பிரித்து லேத்துக்கு அனுப்பி ஃபுல் வேலை பார்க்கலாம். பழையதைக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே ரீகண்டிஷன் செய்து வைத்திருக்கும் இன்ஜினை வாங்கி மாட்டலாம். இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில், பிரித்த வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜினை எடுக்கலாம். என் ஓட்டு முதல் வழிக்கு. பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல்) கிராங்கும் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு) காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கும்வரை.

காரணம் இந்த இன்ஜினே. 2956 சிசி, நான்கு சிலிண்டர், போர் (சிலிண்டர் விட்டம்) 97 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 100 மி.மீ. 407 லாரியிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான் ஓடியது. அதனால் பிஸ்டன், ரிங், பேரிங் கிடைப்பதில் பெரிய சிரமம் இல்லை, இதில் கை பழகிய மெக்கானிக்குகளும் ஊருக்கு ஊர் உண்டு. டீசல் பம்பும் மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் தொல்லை கிடையாது.

லேத்துக்கு அனுப்பினால் கூடவே போய் நில்லுங்கள். சிலிண்டரின் மேல் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் ஒரு படி தட்டுப்படும். ரிங் திரும்பும் அந்த இடத்தில்தான் அழுத்தம் அதிகம், ஆயில் குறைவு, எனவே தேய்மானமும் அங்கேதான் அதிகம். சிலிண்டர் விட்டத்தை அளக்கும் போர் கேஜை மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரத்தில் வைத்து, ஒவ்வொரு உயரத்திலும் குறுக்கும் நெடுக்கும் அளக்கச் சொல்லுங்கள். மேலுக்கும் கீழுக்கும் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ரிங் மட்டும் மாற்றி ஓட்டுவது காசுக்குக் கேடு. ஸ்லீவோ (சிலிண்டருக்குள் செருகும் புதுக் குழாய்), சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டனோ போட்டே ஆக வேண்டும். கிராங்கை கிரைண்ட் செய்தால் அளவு குறையும், அந்த அண்டர்சைஸுக்குத் தக்க பேரிங் வர வேண்டும். கடைசியாக, புது ரிங்கை சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலைதான். இதைச் செய்யாமல் மாட்டும் பட்டறையை நான் நம்ப மாட்டேன்.

எக்ஸ்சேஞ்ச் இன்ஜினில் இந்த எதையும் நீங்கள் பார்க்க முடியாது. பெயின்ட் அடித்து பளபளவென்று வரும், உள்ளே இருப்பது விற்பவரின் வார்த்தை மட்டும்தான். அதனால் பிஸ்டன் எந்த சைஸ், கிராங்க் எத்தனை முறை கிரைண்ட் ஆனது, ஹெட்டில் வால்வும் கைடும் புதிதா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். டாடாவே புரோலைஃப் என்ற பெயரில் ரீகண்டிஷன் பாகங்களைப் பழையதற்கு மாற்றாகத் தருகிறது. உங்கள் மாடலுக்கு இன்ஜின் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிடுங்கள், இருந்தால் வெளி ஆளைவிட அதுவே மேல். இந்த வழியின் பெரிய லாபம் நேரம். லேத்தில் வரிசை இருந்தால் சொந்த இன்ஜின் வேலை இரண்டு வாரம்கூட இழுக்கும். தயார் இன்ஜின் என்றால் ஓரிரு நாளில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும். ஒட்டன்சத்திரம் சந்தையில் தினமும் காய் லோடு ஏற்றுகிறவருக்கு அந்த இரண்டு வார வாடகையே பெரிய தொகை. அவர் எக்ஸ்சேஞ்சுக்குப் போவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

பழைய மார்க்கெட் இன்ஜின் விலையில் ஜெயிக்கும், மற்ற எதிலும் ஜெயிக்காது. தரையில் கிடக்கும் இன்ஜினை ஓட்டிக் கேட்க முடியாது. புல்லியைப் பிடித்துச் சுற்றி நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் தட்டுகிறதா என்று பார்க்கலாம், அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றி அடியில் உலோகத் தூள் இருக்கிறதா என்று தேடலாம், அவ்வளவுதான். உங்கள் பிளாக் விரிசல் விட்டு, கனெக்டிங் ராட் அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது என்றால் மட்டும், பிளாக்குக்காக இதை வாங்கி, மேலே சொன்ன முழு வேலையும் பார்த்து மாட்டலாம். அப்படியே தூக்கி வைத்து ஓட்டுவது சூதாட்டம்.

பலரும் மறப்பது ஆர்சி. இன்ஜின் எண் பிளாக்கில் அடித்திருக்கும். சொந்த பிளாக் என்றால் எண் மாறாது, ஆர்டிஓ பக்கமே போக வேண்டாம். மற்ற இரண்டிலும் எண் மாறும். முன்கூட்டியே ஆர்டிஓ ஒப்புதல் வாங்கி, பில்லைக் காட்டி ஆர்சியில் ஏற்ற வேண்டும். கடனில் இருக்கும் வண்டி என்றால் ஃபைனான்ஸ்காரரின் எழுத்துச் சம்மதமும் தேவை. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) சோதனை உண்டு, எண் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் இதே தகராறு வரும். பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் கதையே வேறு.

எந்த வழியில் போனாலும் பழைய இன்ஜின் ஏன் போனது என்று தெரியாமல் அடுத்ததை ஏற்றாதீர்கள். ஏர் ஃபில்டருக்கு அப்புறம் வரும் ஓஸில் ஒரு சின்ன வெடிப்பு போதும், புழுதி உள்ளே போய் புது ரிங்கை அரைத்துவிடும். ரேடியேட்டரை உள்ளே குத்திச் சுத்தம் செய்யுங்கள். டீசலைப் பீய்ச்சும் நாசிலை டெஸ்ட் பெஞ்சில் பார்க்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட், பைலட் பேரிங், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். இதற்காக மறுபடி இறக்கினால் கூலி இரட்டிப்பு.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், இன்ஜின் ஓடத் தொடங்காதபடி பம்பின் ஸ்டாப் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை விட்டு விட்டுச் செல்ஃப் அடியுங்கள். ஓடத் தொடங்கியதும் மணிக்கணக்கில் ஐடிலில் விடாதீர்கள். புது ரிங் மிதமான லோடில்தான் சிலிண்டரோடு பதியும், ஐடிலில் விட்டால் சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகி ஆயில் குடிக்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பாதி லோடு போட்டு, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்; கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் பேரிங் நலமா என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.