அட்டவணை போட்டுத் தருகிறோம் என்று 3 லட்சத்தை விழுங்கிவிட்டார்கள்: கண்காட்சி வளாகம் நடத்துபவர்கள் கவனம்

எந்த நிகழ்ச்சியை எந்த ஹாலில் எந்தத் தேதியில் வைப்பது என்று ஆப்டிமைசேஷன் அல்காரிதம் வைத்துக் கணக்குப் போட்டுத் தரும் ஆன்லைன் சேவை ஒன்றுக்கு வருடச் சந்தா 3 லட்சத்தை முன்பணமாகக் கட்டினோம். அத்தனையும் போச்சு. இந்த மாதிரி சேவையை எப்படிச் சோதித்து வாங்குவது என்று கீழே விவரமாக எழுதுகிறேன்.

நம்பியது டெமோவில்தான். எங்கள் பழைய புக்கிங் பட்டியலையே கேட்டு வாங்கி, கண்ணெதிரே பட்டனை அழுத்தினார்கள். கலர் கலராகக் கட்டங்கள் வந்து உட்கார்ந்தன, ஒரு ஹாலிலும் காலி நாளே இல்லை. "இது இன்டிஜர் புரோகிராமிங் சார், இதைவிட அதிக வாடகை தரும் அட்டவணை இருக்கவே முடியாது" என்றார் விற்பனைக்காரர். இன்டிஜர் புரோகிராமிங் என்பது முழு எண்களில் மட்டும் விடை தேடும் கணக்கு முறை. அந்தக் கணக்கைப் போடும் மென்பொருளுக்கு சால்வர் என்று பெயர், நல்ல சால்வர் அப்படி உறுதி தர முடியும் என்பது உண்மைதான். 1960-இல் லேண்ட், டாய்க் என்ற இரண்டு பெண்கள் வெளியிட்ட முறையிலிருந்தே அது நடக்கிறது. அதனால் பணத்தைக் கட்டினோம்.

வந்த அட்டவணையைப் பாருங்கள். ஒரு கண்காட்சி மாலையில் முடிகிறது, மறுநாள் காலை அதே ஹாலில் அடுத்தது திறக்கிறது. ஸ்டால் பிரிக்க ஒரு நாள், புதிதாகக் கட்ட இரண்டு நாள் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தது எங்குமே இல்லை. டெமோவில் காலி நாளே தெரியாததற்கும் இதுதான் காரணம்! தடுப்பை நகர்த்தி இரண்டாகப் பிரிக்கிற பெரிய ஹாலை ஒருவருக்கு முழுதாகவும், அதே நாளில் அதன் பாதியை இன்னொருவருக்கும் கொடுத்திருந்தது. இரண்டு பேரிடமும் திட்டு வாங்கியது நாங்கள்.

போன் செய்தால் "டெக்னிக்கல் டீம் பார்க்கிறது". மெயில் போட்டால் ஒரு டிக்கெட் எண் வரும், கொஞ்ச நாளில் "தீர்க்கப்பட்டது" என்று தானாக மூடிக்கொள்ளும். அப்புறம் "உங்கள் டேட்டா சரியில்லை" என்றார்கள். கட்டும் நாளும் பிரிக்கும் நாளும் இருந்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினோம். "அது தளர்த்தக்கூடிய நிபந்தனை" என்று பதில் வந்தது. பழைய ஸ்டால் பிரிக்காத ஹாலில் அடுத்தவர் எங்கே சாமான் இறக்குவார்? இதைத் தளர்த்த இவர்கள் யார்? 3 லட்சத்தைத் திருப்பிக் கேட்டால், ஒப்பந்தத்தில் ரீஃபண்ட் கிடையாதாம்.

ஆத்திரத்தில் ஒன்று செய்து பார்த்தோம். அதே பட்டியல்தான், வரிசையை மட்டும் தலைகீழாகப் போட்டோம். மொத்த வாடகை முன்பைவிடக் குறைவாக வந்தது. உச்ச விடையை உண்மையிலேயே கண்டுபிடிக்கிற சால்வர் என்றால் அட்டவணை மாறலாம், மொத்தத் தொகை மாறவே கூடாது. முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்று நிரப்பிக்கொண்டு போகிற வேலை மாதிரிதான் தெரிகிறது. அதற்கு 3 லட்சம்!

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டாதீர்கள். வரிசையை மாற்றிப் போட்டு டெமோவிலேயே காட்டச் சொல்லுங்கள். கட்டும் நாள், பிரிக்கும் நாள், பாதி ஹால் எல்லாம் கட்டாய நிபந்தனை என்று எழுதி வாங்குங்கள். இதே மாதிரிக் கணக்கைப் போடும் கூகுளின் ஓஆர்-டூல்ஸ் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, அதில் நம் நிபந்தனைகளை மாடலாக எழுதத் தெரிந்தவரை வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். மீதியை அப்புறம் எழுதுகிறேன், பாதி ஹால்காரருக்கு இன்றைக்குள் வேறு தேதி கொடுத்தாக வேண்டும்.