சாமி கதை பாக்ஸ்: பேட்டரி மாத்தியும் அதே ஞானப்பழம்தான்

குழந்தைங்களுக்கு சாமி கதை சொல்ற அந்த குட்டி ஸ்பீக்கர் வாங்கலாமான்னு ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தி கேட்டுட்டே இருக்கா, விலை வேற குறைஞ்சிருக்காம். இப்பதான் எங்களோடத ரிச்சி ஸ்ட்ரீட்ல குடுத்து பேட்டரி மாத்திட்டு வந்தேன், கோவம் ஆறறதுக்குள்ள எழுதிடறேன்.

சவுண்டு, சார்ஜ் எல்லாம் ஓகே. பிரச்சனை ஒன்னே ஒன்னுதான், ஆஃப் பண்ணி ஆன் பண்ணா விட்ட இடத்துல இருந்து ஓடாது, மறுபடியும் முதல் கதை, நாரதர் ஞானப்பழத்தோட கைலாசத்துக்கு வர்றாரு. தினமும் வர்றாரு. பாரதம் பாதில பொண்ணு தூங்கிட்டான்னு நிறுத்துனா மறுநாள் பீஷ்மரத் தேடி பட்டனை அமுக்கி அமுக்கி விரல் தேயும். பேட்டரி மாத்துனா சரியாகுமான்னு கேட்டதுக்கு, "போர்டுலயே அந்த வசதி இல்லக்கா"ன்னுட்டாரு கடைக்காரர்.

சரி, அந்தப் பழக் கதையாவது முழுசா சொல்லுதா? பிள்ளையார் அம்மா அப்பாவ சுத்துனாரு, பழம் கிடைச்சுது, "பெத்தவங்கதான் உலகம் குட்டீஸ்"னு ஒரு அட்வைஸ், டொய்ங்னு மியூசிக், முடிஞ்சுது. மயில்ல உலகத்தையே சுத்திட்டு வந்த புள்ள கோவிச்சுக்கிட்டு பழனிக்குப் போனது எங்கப்பா? நம்மூர்ல கதையே அங்கதானே சூடு பிடிக்கும்! "முருகனுக்கு ஒரு துண்டு கூட குடுக்கலயா"ன்னு இவ அழ, என் மாமியார்தான் மீதியச் சொல்லி தூங்க வச்சாங்க. மயிலாப்பூர்ல அம்பாள் மயிலா வந்து புன்னை மரத்தடியில சிவனை பூஜை பண்ண கதையும் கிடையாது, கபாலி கோவில்ல புன்னை மரமே இருக்கு, கைகாட்டி சொல்லலாம், பாக்ஸ்ல ஒரு வரி இல்ல.

ஆனா அந்த பாரதம் இருக்கே. கண்ணன் "ஆயுதம் எடுக்க மாட்டேன், தேர் மட்டும் ஓட்டறேன்"னு சொல்ற கட்டத்துல அந்தக் குரல் குடுத்தவர் யாரோ, அசத்திட்டாரு. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவிலுக்குப் போனோம், மூலவரப் பார்த்ததும் இவ "கிருஷ்ணருக்கு மீசையா!"ன்னு போட்டா ஒரு சத்தம், க்யூவே திரும்பிப் பார்க்குது. அடுத்து, "கையில சங்கு இருக்கு, சக்கரம் எங்கம்மா?" நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவளே, "ஓ, எடுக்க மாட்டேன்னு சொன்னாருல்ல." என் வீட்டுக்காரர் பொறந்து வளர்ந்ததே அந்த ஏரியா, அவருக்கே இது புதுசு. உற்சவர் முகத்துல இருக்கற தழும்பெல்லாம் பீஷ்மர் விட்ட அம்பு பட்டதுன்னு பட்டாச்சார் சொன்னதும் இவ நகரவே மாட்டேன்னுட்டா, பின்னாடி நிக்கறவங்க திட்ட ஆரம்பிச்சுட்டாங்க. வெளிய வந்து கேட்ட முதல் கேள்வி, "தாத்தா ஏன்மா கிருஷ்ணரப் போய் அடிச்சாரு?"

ஃப்ரெண்டுக்கு என் பதில்: வாங்காத. ஆன் பண்ணா நாரதர் மட்டும் வர்ற மிஷினுக்கு அந்தக் காசு தண்டம். சிவன் கதைங்களுக்குன்னு தனியா ஒரு மெமரி கார்டு வந்திருக்கு, அத நேத்து நைட்டு ஆர்டர் போட்டேன்.