முதல் கைத்துப்பாக்கியாகப் பழைய ராணுவ பிஸ்டல்: பெரெட்டா 92எஸ், சி.இசட்.-82, டோக்கரெவ், ஸ்டார்

அமெரிக்காவில் முதல் கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர்களுக்கு, ஐரோப்பியப் படைகளும் காவல்துறைகளும் கழித்துவிட்ட பிஸ்டல்கள் மேல் ஒரு கண் இருக்கும். புதியதைவிட விலை குறைவு, உருப்படியான உலோக உடம்பு, பின்னால் கொஞ்சம் வரலாறு. சந்தையில் அடிக்கடி தென்படும் நான்கை எடுத்துக்கொள்கிறேன். நான் தேர்ந்தது இத்தாலியின் பெரெட்டா 92எஸ். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு சட்ட விஷயம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க வயது 21 ஆகியிருக்க வேண்டும். 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் தப்பாது. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சியில் 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்கு (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் கூடு) தடை என்பதால், பெரெட்டாவின் 15 தோட்டா மேகசின் அங்கே ஆகாது.

இனி துப்பாக்கிகள். அளவு, எடை, தோற்றம் எல்லாம் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். வாங்கி இரண்டு வருடம் கழித்துத் தெரிவது வேறு: ஒரு ஸ்பிரிங் சோர்ந்தால், ஒரு துண்டு உடைந்தால், மேகசின் உதடு வளைந்தால் மாற்று எங்கே? பழைய பிஸ்டல் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். தோட்டா விலை அடுத்தது.

ஸ்டார் பி.எம். ஸ்பெயினின் எய்பார் ஊரில் செய்தது. 9×19 தோட்டா (மி.மீ.-இல் விட்டமும் கூட்டின் நீளமும்), 8 பிடிக்கும் மேகசின், முழு இரும்பு, சுட இதமானது. வெளித்தோற்றத்தில் அமெரிக்க ராணுவத்தின் பழைய 1911 பிஸ்டல் மாதிரி இருந்தாலும், பிடியின் பின்னால் அழுத்தும் சேஃப்டி (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) கிடையாது. சிக்கல் என்னவென்றால், ஸ்டார் நிறுவனம் 1997-லேயே மூடப்பட்டுவிட்டது. இன்று கிடைக்கும் உதிரிகளில் பெரும்பங்கு வேறு துப்பாக்கிகளைப் பிரித்தெடுத்தவை. தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகினால் இதன் ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) முறியும் என்று பெயர் எடுத்த துப்பாக்கி வேறு. புதியவர் வீட்டில் அதிகம் செய்யும் பயிற்சியே அதுதான். வாங்கினால் போலித் தோட்டாக்களையும் சேர்த்தே வாங்குங்கள்.

சோவியத் ராணுவ பிஸ்டலான டோக்கரெவ் ரகத்தில் யூகோஸ்லாவியாவின் ஸாஸ்தவா எம்57 நல்ல வேலைப்பாடு. 9 தோட்டா, மெலிந்த பிடி. ஹேமரும் (ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியல்) அதன் துணைப் பாகங்களும் ஒரே கட்டாகக் கழன்று வருவதால் சுத்தம் செய்வது எளிது. 7.62×25 தோட்டா வேகமானது, சத்தமும் நெருப்பும் அதிகம். பழைய ராணுவத் தோட்டாவின் பிரைமரில் (முதலில் பற்றிக்கொள்ளும் சிறு மருந்து) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது உப்பாகக் குழலுக்குள் படியும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆகவே சுட்ட அன்றே வெந்நீரால் குழலைக் கழுவி, துடைத்து, உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் போட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் குழலில் துரு பிடித்திருக்கும். செர்பியாவின் பிர்வி பார்டிஸான் தயாரிக்கும் புதுத் தோட்டாவில் இந்தத் தொல்லை இல்லை, விலை கூடும். காந்தம் ஒட்டும் தோட்டாவைப் பல சுடுதளங்கள் அனுமதிப்பதில்லை. இரும்பு கலந்த பழைய தோட்டா அங்கே வாசலிலேயே நின்றுவிடும். எம்57-இன் மூல வடிவத்தில் கைச்சேஃப்டியே கிடையாது, இறக்குமதிக்காகப் பின்னர் சேர்த்தது. முதல் துப்பாக்கியாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவதாக வாங்கலாம்.

சி.இசட்.-82 தான் உண்மையான போட்டியாளன். செக்கோஸ்லோவாக்கியாவின் உஹெர்ஸ்கி பிரோட் ஆலையில் செய்தது. 9×18 மக்காரொவ் தோட்டா, 12 பிடிக்கும். சேஃப்டியும் மேகசின் பொத்தானும் இருபுறமும் உண்டு, இடக்கைக்காரருக்கு வரம். குழல் சட்டத்தோடு (துப்பாக்கியின் அடி உடம்பு) நிலையாகப் பதிந்தது, உள்ளே குரோம் பூச்சு. மேல் பெயிண்ட் உரிந்து அசிங்கமாகத் தெரியும் துப்பாக்கியில்கூடக் குழல் பளிச்சென்று இருக்கும். பழைய துப்பாக்கிகளுக்கான அரசின் சேகரிப்பாளர் பட்டியலில் இருப்பதால், சேகரிப்பாளர் உரிமம் வைத்திருப்பவர் வீட்டுக்கே வரவழைக்கலாம்.

ஆனால் இரண்டு குறை. ஒன்று, சேஃப்டி ஹேமரை இறக்காது. உள்ளே தோட்டா இருக்கும்போது ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு விசையை இழுத்துத்தான் இறக்க வேண்டும். விரல் வழுக்கினால் வெடிக்கும். புதியவருக்கு இது கெட்ட பாடம். இரண்டு, தோட்டா. மக்காரொவ் ரவையின் விட்டம் சுமார் 9.27 மி.மீ.; 9×19-இன் ரவை 9.01 மி.மீ. ‘ஒன்பது எம்.எம்.தானே’ என்று மாற்றி வாங்கிவிடக் கூடாது. மலிவான 9×18 பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்தது. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி அனுமதி நின்ற பிறகு அந்த மலிவும் போயிற்று. துப்பாக்கியில் மிச்சம் பிடித்த காசைத் தோட்டாவில் விட்டுவிடுவீர்கள்.

இப்போது 92எஸ். இத்தாலியக் காவல் படைகளில் இருந்து கழித்து வந்தவை. 9×19, 15 தோட்டா, அலுமினியச் சட்டம், தோட்டா இல்லாமல் ஏறத்தாழ 950 கிராம். ஸ்லைடின் (சுடும்போது முன்பின் நகரும் மேல்பகுதி) இடப்பக்கம் உள்ள நெம்பைக் கீழே இறக்கினால் சேஃப்டி விழும், ஹேமரும் தானாக இறங்கும். சி.இசட்.டில் உள்ள கட்டைவிரல் வித்தை இங்கே தேவையில்லை. எனினும் தானாக இயங்கும் ஃபயரிங் பின் தடுப்பு, அடுத்த வடிவமான 92எஸ்பி-யில்தான் வந்தது. ஆகவே தோட்டா ஏற்றிய 92எஸ்-ஐக் கீழே போடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இதன் பலம், 92 குடும்பம் இன்னும் தயாரிப்பில் இருப்பது. ரீகாயில் ஸ்பிரிங் (பின்னால் போன ஸ்லைடை முன்னுக்குத் தள்ளுவது), விசை ஸ்பிரிங், ஹேமர் ஸ்பிரிங் எல்லாம் புதிதாகக் கிடைக்கும், விலையும் அற்பம். வாங்கியவுடன் மாற்ற வேண்டியது ரீகாயில் ஸ்பிரிங். வழக்கமான 13 பவுண்டு போதும். பிறகு 5,000 தோட்டாவுக்கு ஒருமுறை. ஸ்பிரிங் சோர்ந்தால் ஸ்லைடு முழு வேகத்தில் பின்னால் போய் அலுமினியச் சட்டத்தில் இடிக்கும், நாளடைவில் சட்டம் விரிசல் விடும். சட்டம் போனால் துப்பாக்கியே போனது.

அடுத்தது லாக்கிங் பிளாக். குழலுக்கு அடியில் தொங்கும் இந்தச் சிறு இரும்புத் துண்டுதான் சுடும் கணத்தில் குழலையும் ஸ்லைடையும் சேர்த்துப் பூட்டுகிறது. அதன் இரு காதுகளும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் அடி வாங்குவதால், தேய்மானம் அங்கேதான் முதலில் வரும். உடைந்தால் பெரும்பாலும் ஸ்லைடு பாதியில் சிக்கி நிற்கும். கடையிலேயே பார்த்துவிடலாம்: மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். வலப்பக்கப் பொத்தானை அழுத்திக்கொண்டே இடப்பக்க நெம்பைக் கீழ்நோக்கித் திருப்பினால் ஸ்லைடு முன்பக்கமாகக் கழன்றுவரும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் குழலை வெளியே எடுங்கள். காது உடம்போடு சேரும் மூலையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். மயிரிழைக் கோடு தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். புது பிளாக்கைப் பழைய குழலோடு பொருத்திப் பார்ப்பதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடுங்கள்.

1980களில் அமெரிக்கப் படையிடம் இருந்த சில பெரெட்டாக்களில் ஸ்லைடு முறிந்து பின்னால் பாய்ந்து சுட்டவரைக் காயப்படுத்தியது. அதைத் தடுக்கத்தான் 92எஃப்எஸ்-இல் ஹேமர் பின்னின் தலையைப் பெரிதாக்கினார்கள். 92எஸ்-இல் அந்தத் தடுப்பு இல்லை. சாதாரண அழுத்தத் தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், +பி எனப்படும் கூடுதல் அழுத்தத் தோட்டா வேண்டாம்.

மேகசின் வாங்கும்போது பலர் ஏமாறுவார்கள். 92எஸ்-இன் மேகசின் பொத்தான் பிடியின் அடிப்பகுதியில் இருக்கிறது; இன்றைய 92எஃப்எஸ்-இல் விசைக்குப் பின்னால். ஆகவே மேகசினில் கீழ்ப்பக்க வெட்டு இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். மேல் வெட்டு மட்டும் உள்ளது உள்ளே போகும், பூட்டாது, கீழே விழும். துப்பாக்கியோடு ஒரே மேகசின்தான் வரும் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கை சிறியவருக்கு மட்டும் என் பதில் மாறும். 92எஸ்-இன் பிடி தடிமன், ஹேமர் இறங்கிய நிலையில் விசை எட்டத்தில் நிற்கும். துப்பாக்கியைச் சரியாகப் பிடித்தபடி ஆள்காட்டி விரலின் நுனிப்பகுதி விசை மேல் படியவில்லை என்றால், தோட்டா விலை கூடினாலும் சி.இசட்.-82-ஐயும் எடுத்துப் பிடித்துப் பாருங்கள்.