ஃபிங்கோலிமோட் 0.5 மி.கி. கேப்சூல்: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எம்.எஸ். எனப்படும் தண்டுவட மரப்பு நோய்க்காக மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் ஒரு ஃபிங்கோலிமோட் கேப்சூல் உட்கொண்டு வருகிறேன். அதற்கு முன் இன்டர்ஃபெரான் ஊசியைத் தொடையில் நானே போட்டுக்கொண்டிருந்தேன். ஊசியிலிருந்து கிடைத்த விடுதலையே எனக்குப் பெரிய ஆறுதல். இந்நோயின் தாக்குதல்களைக் குறைக்க அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் வாய்வழி மருந்து இது, ஆண்டு 2010.

இந்நோயில், நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒருவகையான டி செல்கள் சில, சொந்த நரம்புகளையே பகையாகக் கருதி, இரத்தத்தின் வழியே மூளைக்குள் புகுந்து, நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையைச் சிதைக்கத் துணைபோகின்றன. ஃபிங்கோலிமோட் அவற்றை அழிப்பதில்லை. நிணநீர்க் கணுக்களிலிருந்து வெளியேற டி செல்களுக்கு வழிகாட்டும் எஸ்1பி என்ற வேதிச் சமிக்ஞையை உணரும் ஏற்பியை அது செயலிழக்கச் செய்வதால், அவை கணுக்களுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. கணுக்களுக்குள் அதிகம் வந்துபோகாத ஒருவகை நினைவு டி செல்கள் மட்டும் உடலைக் காவல் காக்க வெளியே எஞ்சுகின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் இம்மருந்தைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏனெனில், இரண்டாம் மாத இரத்தப் பரிசோதனை அறிக்கையில் லிம்போசைட் (டி செல்கள் உள்ளிட்ட வெள்ளணு வகை) எண்ணிக்கை 520 என்று தடித்த எழுத்தில், கீழ்நோக்கிய அம்புக்குறியுடன் வந்தது. காய்ச்சலுக்காகப் பார்த்த ஒரு பொது மருத்துவர் பதறிப்போய், மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார். என் நரம்பியல் மருத்துவரோ, செல்கள் கணுக்களில் அடைபட்டிருப்பதன் அடையாளமே அந்த எண் என்று விளக்கி, 200-க்குக் கீழே போகாதவரை கண்காணித்தால் போதும் என்றார்.

முதல் மாத்திரை இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடும் என்பதால், அன்று மருத்துவமனையில் ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். செவிலியர் மணிக்கொரு முறை நாடி பார்த்தார். 78-இல் தொடங்கி ஐந்தாம் மணி நேரத்தில் 54-க்கு இறங்கி, பிறகு மெல்ல ஏறியது. இதயக் கோளாறு உள்ளவர்கள் இதை முன்னரே சொல்லிவிட வேண்டும். சின்னம்மைக்கான எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்ற சோதனையும், மூன்று நான்கு மாதங்களில் விழித்திரை நீர்க்கோப்புக்கான கண் பரிசோதனையும் கட்டாயம்.

பலன் எப்படி? 1,272 பேர் பங்கேற்ற ஃப்ரீடம்ஸ் என்ற மருத்துவ ஆய்வில், ஒருவருக்கு ஓராண்டில் நோய் மீண்டும் தாக்கும் சராசரி, போலி மருந்து பெற்றவர்களிடம் 0.40 ஆகவும், 0.5 மி.கி. ஃபிங்கோலிமோட் பெற்றவர்களிடம் 0.18 ஆகவும் இருந்தது. ஆண்டுக்கு இருமுறை கால் மரத்துப் படுத்துக் கிடந்த எனக்கு, இந்த மூன்றாண்டுகளில் ஒரே ஒரு லேசான தாக்குதல்தான் வந்தது.

பெரிய குறை, நிறுத்துவதில் இருக்கிறது. மருந்து நின்றால் ஓரிரு மாதங்களில் டி செல்கள் மீண்டும் இரத்தத்துக்குத் திரும்புகின்றன. சிலருக்கு நோய் முன்பைவிடக் கடுமையாகத் தாக்கியிருப்பதால் 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. தொடர்ந்து பதினான்கு நாட்களுக்கு மேல் விடுபட்டால் அந்த ஆறு மணி நேரக் கண்காணிப்பையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை மருந்துக் கடையில் இருப்பு தீர்ந்து ஐந்து நாள் அலைந்த பிறகு, ஒரு அட்டையைக் கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.